எபநேசர் டாக்டரைப் பத்திப் பேச ஒண்ணுமில்லீங்க

வாங்கம்மா, உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு தெரியுமுங்க. நேத்தே வையாபுரிக் கவுண்டர் போன்ல சொல்லிட்டாரு. மாட்டாஸ்பத்திரிக்குப் புதுசா வந்த டாக்டரம்மா வருவாங்க, எபநேசர் டாக்டரைப் பத்தி உன்கிட்ட நாலு வார்த்தை கேப்பாங்க, ஞாயித்துக்கெழமை ஊஞ்ச மரத்தடியில கூட்டம், அவரு படத்தைத் தொறக்கறோம், நீ அவருகூட ஒம்பது வருசம் உதவியாளா இருந்தவன், நீதான் மொதல்ல பேசோணும்னாரு.

நான் பேசமாட்டேனுங்க. அதை மூஞ்சிக்கு நேரா சொல்லோணும்னுதான் உங்களை வரச் சொன்னேன்.

பேசறதுக்கு என்னங்க இருக்குது? உசுரோட இருக்கறப்ப ஒருத்தனும் எட்டிப் பாக்கலை. செத்து ஒரு மாசம் ஆனதும் படம், மாலை, மைக்செட்டு. நீங்க வந்தே நாலு மாசந்தான் ஆகுது. அந்தாளை நீங்க கண்ணுல பாத்ததுகூட இல்லை. ஊர்க்காரங்க சொல்லச் சொல்ல, என்னமோ தெய்வம் எறங்கி வந்து மாட்டுக்கு ஊசி போட்டுட்டுப் போன மாதிரி நெனச்சிட்டிருப்பீங்க. நான் சொல்றேன் கேளுங்க. எழுதிக்கறீங்களா? எழுதிக்குங்க. ஆனா சென்னியப்பன் சொன்னான்னு போட்றாதீங்க.

மொத நாளே எனக்குப் புடிக்கலீங்க. புது டாக்டர் வர்றாருன்னு ஆஸ்பத்திரி வாசல்ல மாலையோட நிக்கறேன். பஸ்ல வந்து எறங்கறாரு. ஒரு தகரப் பொட்டி, ஒரு கொடை. ஜீப்பு வந்து கூட்டிட்டு வரும்னு நான் நெனச்சது என் தப்பு. வந்தவரு மாலையை வாங்குனாரா? இல்லை. நேரா ஊஞ்ச மரத்தடிக்குப் போய் அண்ணாந்து பாத்துட்டு நிக்கறாரு. "சென்னியப்பன், இதுல எத்தனை கூடு இருக்கு?"ன்னாரு. நான், "சார், உள்ள வாங்க, ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடுங்க"ன்னேன். "இருங்க, இருங்க, எண்ணிக்கிட்டிருக்கேம்லா"ன்னாரு. பாளையங்கோட்டைக்காரரு. பேச்சுக்குப் பேச்சு ஒரு 'லா', ஒரு 'கேட்டியளா'. பதினொண்ணு எண்ணுனாரு. மாலை என் கையிலேயே வாடிப்போச்சு.

அப்பறம் அந்த ஆந்தைக் கதை. மருந்து வெக்கிற ரூமு சன்னல்ல ஒரு ஆந்தை குஞ்சு பொரிச்சிருச்சுங்க. வேற டாக்டரா இருந்தா தொடப்பத்தை எடுடான்னுருப்பாங்க. இவரு அந்த ரூமைப் பூட்டிச் சாவியைத் தன் சட்டைப்பையில போட்டுக்கிட்டாரு. மருந்து பூராவும் வராண்டாவுல. நாப்பது நாளு, டாக்டரம்மா! சர்க்கார் மருந்து வராண்டாவுல, ஆந்தை மெத்தையில. நான் என் சைக்கிளைக்கூட வெளிய நிறுத்தோணும், மணியடிச்சா குஞ்சு பயந்துக்குமாம். இதெல்லாம் கூட்டத்துல சொல்லட்டுங்களா?

சிரிக்கறீங்க. சிரிங்க. வையாபுரிக் கவுண்டர் இன்னைக்கு மைக்செட்டுக்கு ஏற்பாடு பண்றாரே, அவரையே கேளுங்க, அவரு பட்ட அவமானத்தை. அவரு தோட்டத்துல காராம்பசு ஒண்ணு நாலு நாளா தீவனம் எடுக்கலை. டாக்டர் போனாரு, நானும் போனேன். பசுவைத் தொட்டுப் பாத்தாரு. மணி பன்னெண்டு. உச்சி வெயிலு. கட்டுத்தறிக்கு மேல தகரம். "கவுண்டரே, இந்த எடத்துல நீங்க ஒரு அரை மணி நேரம் நில்லுங்க, நான் உங்க வேப்ப மரத்தடியில இருக்கேன்"னாரு.

"எதுக்குங்க டாக்டரே?"

"சும்மா நில்லுங்க. அப்பறம் சொல்லுதேன்."

பெரிய தோட்டத்துக் கவுண்டரு, நாப்பது ஏக்கர் பூமிக்காரரு, தகரத்துக்கு அடியில மாட்டோட மாடா நிக்கறாரு. பத்து நிமிசம்கூட ஆகலை, துண்டை எடுத்துத் தொடைக்கறாரு. "டாக்டரே, தலை சுத்துதுங்க"ன்னாரு. "அதுக்கும் அதேதான். பசுவை வேப்ப மரத்துக்கு மாத்துங்க, தன்னால திங்கும்"னு சொல்லிட்டு நடையைக் கட்டிட்டாரு. ஊசி இல்லை, மருந்து இல்லை. பசு மூணாம் நாளு எந்திரிச்சுத் தின்னுச்சு, அது வேற விசயம். அதுவா தின்னுருக்கும்.

ஊசி போடாத டாக்டரை எவனுங்க மதிப்பான்? ஜனங்க ஆறு மைல் மாட்டை ஓட்டிட்டு வர்றாங்க. நல்ல தண்ணி வையி, நெழல்ல கட்டு, ரெண்டு நாள் பாருன்னு சொன்னா அவங்களுக்கு மனசு ஆறுமா? நான் அவங்களைக் கொல்லைப்பக்கம் வரச் சொல்லிச் சத்து ஊசி ஒண்ணு போட்டு அனுப்புவேன். சந்தோசமாப் போவாங்க. ஒரு தேங்கா, நாலு தக்காளி குடுப்பாங்க. நானா கேக்கறதில்லை. ஒரு நாள் பாத்துட்டாரு. திட்டலாமில்லைங்க? மெமோ குடுக்கலாமில்லைங்க? "சென்னியப்பன், அதுக்கு வலிக்கும்லா"ன்னாரு. அவ்வளவுதான். மாட்டுக்கு வலிக்குமாம். போயிட்டாரு.

அதுதானுங்க அவருகிட்ட எனக்குப் புடிக்காதது. திட்டமாட்டாரு. அதிகாரின்னா ஒரு வார்த்தை திட்டோணும். நாமளும் உள்ளுக்குள்ள ரெண்டு வார்த்தை திட்டிக்கலாம். கணக்கு நேராயிரும். இவரு திட்டவே மாட்டாரு. ஒம்பது வருசம் அப்படியே சேந்து போச்சு.

இன்னொண்ணு. படிச்ச டாக்டருக்கு ஒரு தரம் வேண்டாமுங்களா? பொழுதோட ஆனா மேய்ச்சல் கொறங்காட்டுப் பக்கம் நடக்கப் போயிருவாரு. அங்க தெக்காலக் காலனி மாராத்தா ஆடு மேச்சிட்டிருப்பா. புருசன் இல்லாதவ. இருவத்திரண்டு செம்மறி. அவகிட்டக் கல்லுல உக்காந்துக்கிட்டு, இது என்ன புல்லு, அது என்ன புல்லு, இதை ஆடு எந்த மாசத்துல திங்கும், எந்த மாசத்துல திங்காதுன்னு கேட்டு நோட்டுல எழுதுவாரு. கையெழுத்துப் போடத் தெரியாத பொம்பளை சொல்றதை, பட்டம் வாங்குன மனுசன் எழுதிக்கறாரு. அவ சொம்புல மோரு குடுத்தா வாங்கிக் குடிச்சுக்குவாரு. நான் பக்கத்துல நிக்கறேன். எனக்கும் நீட்டுவா. நான் வேண்டாம், இப்பத்தான் குடிச்சேன்னு சொல்லிருவேன். வேற என்னங்க சொல்றது? ஊர்ல நாளைக்கு நான் தலை காட்ட வேண்டாமுங்களா?

சரி, உங்களுக்கு வேண்டியது அவருக்கு மாறுதல் வந்த வருசத்துக் கதைதானுங்க. தெரியும். ஊர்க்காரங்க பாதிதான் சொல்லியிருப்பாங்க. அவங்களுக்குப் பாதிதான் தெரியும்.

அந்த வருசம் சித்திரையில என்ற மூத்த பொண்ணு வசந்தாமணிக்கு உறுதி வார்த்தை. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க ஈரோடு. சொந்தத்துல ரெண்டு மாடி வீடு. நாப்பது பேரு வர்றாங்க. இந்த ஊர்ல வெறும் சோறு போட்டு அனுப்பிட்டா, பட்டிக்காட்டுல பொண்ணெடுத்தோம்னு சொல்லிக் காட்ட மாட்டாங்களா? அதனால ஐஸ்கிரீம் வாங்கியாந்தேனுங்க. ரோஸ் கலரு, மேல முந்திரி தூவுனது, ரெண்டு பெரிய டப்பா. அன்னைக்கு இந்த ஊர்ல எவன் ஊட்டுலயும் ஐஸ்கிரீம் வெச்சதில்லை. சனிக்கெழமை பொழுதோட வாங்கியாந்தேன். விருந்து ஞாயித்துக்கெழமை மத்தியானம். எங்க வெக்கிறது? எங்க ஊட்டுல பிரிட்ஜு இல்லை. ஊர்லயே ரெண்டு பிரிட்ஜுதான், ஒண்ணு வையாபுரிக் கவுண்டர் ஊட்டுல, ஒண்ணு ஆஸ்பத்திரியில. அவரு ஊட்டுல போய்க் கேக்கறதுக்கு எனக்கு என்னங்க தலையெழுத்து? சாவி என்கிட்ட இருக்குது.

டாக்டர் ஊர்ல இல்லை. வெள்ளிக்கெழமையே பாளையங்கோட்டைக்குப் போயிட்டாரு. அவங்க கோயில்ல அசனமாம். ஊரே ஒண்ணா உக்காந்து சாப்பிடறதாம். அதுக்கு வருசம் தவறாமப் போயிருவாரு.

மேல் தட்டுல ஆட்டுக்கொல்லித் தடுப்பூசி நாலு குப்பி இருந்துச்சு. அது இருந்தா டப்பா உள்ள போகலை. அதனால எடுத்துப் பிளாஸ்டிக் பையில சுத்தி, மண்பானைத் தண்ணிக்குள்ள எறக்கி வெச்சேன். வெறும் தரையில போடலீங்க, டாக்டரம்மா. பானைத் தண்ணி. கையை விட்டாக் குளுகுளுன்னு இருக்கும்.

எத்தனை மணி நேரமா? இதென்னங்க, நீங்களும் விசாரணை ஆபீசராட்டக் கேக்கறீங்க? சனிக்கெழமை பொழுதோட எடுத்தேன். ஞாயித்துக்கெழமை வந்த ஒறம்பரைச் சனமெல்லாம் போறதுக்கே ஆறு மணி ஆயிருச்சு. எனக்கு உடம்பு அசதி. திங்கக்கெழமை விடிஞ்சதும் போய்த் திருப்பி வெச்சுட்டேன். ஒண்ணரை நாளு. ஒண்ணரை நாள்ல என்னங்க ஆயிரும்? மருந்து என்ன பாலா, திரிஞ்சு போறதுக்கு?

மூஞ்சியைத் திருப்பாதீங்க. நான் உள்ளதைச் சொல்றேன்.

திங்கக்கெழமை ஏழு மணிக்கு டாக்டர் பஸ்ல எறங்கி நேரா ஆஸ்பத்திரிக்கு வந்தாரு. "பெட்டி நல்லா ஓடுதா சென்னியப்பன்?"னாரு. பிரிட்ஜைத்தான் பெட்டிம்பாரு, எப்பவும் கேக்கறதுதான். "ஓடுதுங்க சார்"னேன். ஓடிட்டுத்தான இருந்துச்சு? நான் பொய் சொல்லலை. குப்பிகளை ஐஸ் டப்பாவுல போட்டு எடுத்துட்டு அன்னைக்கே நாலு பட்டிக்கு ஊசி போட்டோம். மொதல்ல மாராத்தா பட்டி. எப்பவும் அங்கிருந்துதான் ஆரம்பிப்பாரு. கவுண்டமாரு பட்டியெல்லாம் காத்திருக்கோணும், அவ பட்டி மொதல்ல. அது ஒரு பழக்கம் அவருக்கு.

ஆனி பொறந்துச்சு. வெளியூரு ஆட்டு யாவாரி ஒருத்தன் ரோட்டோரமா மந்தையை ஓட்டிட்டுப் போனான். பத்தாம் நாளு மாராத்தா ஆட்டுக்கு மூக்கு ஒழுகுது, வாயெல்லாம் புண்ணு, பீச்சல். உங்களுக்குத் தெரியாததா? ஒரு வாரத்துல பத்தொம்பது செத்துச்சு. மூணு பாக்கி. டாக்டர் ஊட்டுக்கே போகலை. அந்தப் பட்டியிலேயே கெடந்தாரு. வாய்ப்புண்ணைக் கழுவுறதும், கஞ்சி ஊத்துறதும். செத்ததுக்கெல்லாம் அவரே கடப்பாரையை எடுத்துக் குழி வெட்டுனாரு. நானும் வெட்டுனேன், சொல்லிக்கறேன். மத்தப் பட்டிக்குப் புது மருந்து வாங்க அவரே ஜில்லா ஆபீசுக்குப் போய், ஐஸ் டப்பாவை மடியில வெச்சுக்கிட்டுப் பஸ்ல வந்தாரு. அந்த மருந்துல மத்த ஆடெல்லாம் பொழச்சுச்சு. வையாபுரிக் கவுண்டர் பட்டியில நூத்தியெம்பது இருந்துச்சுங்க. ஒண்ணுகூடச் சாகலை. அதுக்குத்தான் இன்னைக்கு மைக்செட்டு.

ஊசி போட்ட ஆடு எப்படிச் சாகும்னு ஊர்ல பேச்சு கெளம்பிருச்சு. ஒரு நாள் காலையில ஆஸ்பத்திரி வாசல்ல கூட்டம். மாராத்தா ஒரு செத்த குட்டியைத் தூக்கியாந்து மேசை மேல போட்டா. அழவே இல்லை அவ. அதுதான் பயமா இருந்துச்சு.

"அய்யா, நீங்க போட்ட ஊசிதானுங்களே? சொல்லிப்போடுங்க"ன்னா.

எனக்கு மனசுக்குள்ள, கரண்ட் போச்சுன்னு சொல்லுங்க சார், கரண்ட் போச்சுன்னு சொல்லுங்கன்னு ஓடுது. சித்திரையில கரண்ட் போகாத நாளு உண்டுங்களா? ஊரே நம்பும். ஒருத்தரையும் குத்தம் சொல்ல வேண்டாம். இந்த மனுசன் எந்திரிச்சு நிக்கறாரு. "தாயீ, ஊசி கொல்லலை. ஊசி வேலை செய்யலை. மருந்து கெட்டுப் போயிருக்கு. அதைக் கெடாமப் பாத்துக்க வேண்டியது நான். தப்பு என் மேலதான்"ங்கறாரு. அத்தனை பேரு முன்னால. கையைக் கட்டிக்கிட்டு.

எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுச்சுங்க. ஒரு அதிகாரி காலனிப் பொம்பளை முன்னால கையைக் கட்டுவானா? ஆஸ்பத்திரி மானமே போச்சு.

விசயம் மேல போயி, பெரிய ஆபீசர் விசாரணைக்கு வர்றாருன்னு தகவல் வந்துச்சு. அன்னைக்குக் காலையில நான் சீக்கிரமே போனேன். போனா, டாக்டர் எனக்கு முன்னாலயே வந்து பிரிட்ஜைத் தொறந்து வெச்சுக்கிட்டு முட்டி போட்டு உக்காந்திருக்காரு. கையில ஈரத்துணி. மேல் தட்டுல, பின்னால பனிக்கட்டிக்கு அடியில ரோஸ் கலருல ஒழுகி ஒட்டிக் கெடக்குது. ஒரு டப்பா மூடி சரியா இல்லை போல. நான் கவனிக்கலை. அதைச் சொரண்டிச் சொரண்டித் தொடைக்கறாரு.

"சார், என்னங்க சார் நீங்க போயி? குடுங்க, நான் தொடைக்கறேன்"னேன்.

"இருக்கட்டும். முடிஞ்சு போச்சு"ன்னாரு. துணியைப் புழிஞ்சாரு. ரோஸ் தண்ணி ஊத்துச்சு. அதைப் பாத்தாரு. அப்பறம் என்னைப் பாக்காமயே கேட்டாரு, "பொண்ணுக்கு உறுதி வார்த்தை நல்லா நடந்துதா?"

"நல்லா நடந்துச்சுங்க சார்."

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க திருப்தியாப் போனாங்களா?"

"திருப்திங்க சார்."

"நல்லது. கல்யாணத்தை ஆவணிக்குள்ள முடிச்சிருங்க, கேட்டியளா"ன்னாரு. துணியைக் கொண்டுபோய்க் கொடியில காயப் போட்டாரு.

அவ்வளவுதானுங்க. அதுக்கு மேல அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. அன்னைக்கும் எடுக்கலை, சாகற வரைக்கும் எடுக்கலை. ஏன்டா இப்படிப் பண்ணுனேன்னு ஒரு வார்த்தை. செவுனியில ஒரு அறை. அறைஞ்சிருந்தாக்கூட நான் வாங்கிக்கிட்டு அடுத்த வேலையைப் பாத்திருப்பேன்.

ஆபீசர் வந்தாரு. பெட்டிக்குப் பொறுப்பு யாருன்னு கேட்டாரு. "நான்"னாரு. சாவி யாருகிட்ட இருக்கும்னு கேட்டாரு. "என்கிட்ட"ன்னாரு. பொய்யி! டாக்டரம்மா, ஊரே கும்புடற உத்தமரு, சர்க்கார் ஆபீசர் முன்னால வாய் கூசாமப் பொய் சொன்னாரு. சாவி என் அரைஞாண்ல தொங்குது. இதைக் கூட்டத்துல சொல்லட்டுங்களா? சொன்னா உங்க படத்துக்கு எவன் மாலை போடுவான்?

என்னைக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னாருன்னு என்ற சம்சாரம் ரங்காத்தா சொல்றா. அப்ப வேலையை விட்டுத் தூக்கியிருப்பாங்களாம், வசந்தாமணி கல்யாணம் நின்னிருக்குமாம். அவளுக்கென்ன தெரியும்? அந்தாளுக்குப் பெருமைங்க. தான் பெரிய மனுசன்னு காட்டிக்கற பெருமை. நல்லவன்னு பேரு எடுக்கறதுக்காக அடுத்தவன் தப்பைக்கூட விட்டு வெக்காம எடுத்துக்கற ஆளு.

தப்புன்னா சொன்னேன்? ஒரு பேச்சுக்குச் சொன்னேனுங்க.

என்ன ரங்காத்தா? உள்ள இருந்துட்டு முணுமுணுக்காத. டாக்டரம்மாவுக்கு டீயைக் கொண்டா.

ஆடியில அடுத்த கூத்து. மாராத்தாளுக்குச் சர்க்கார்ல இருந்து ஒண்ணும் வராதுன்னு ஆயிருச்சு. இவரு என்ன பண்ணுனாரு? அவளைக் கூட்டிக்கிட்டு ஊடு ஊடாப் போக ஆரம்பிச்சுட்டாரு. ஆடு வெச்சிருக்கற ஊட்டுல ஆளுக்கொரு பெட்டைக் குட்டி குடுங்கன்னு. ஆடிக் காத்து மண்ணை வாரி எறைக்குது. ஒரு அரசாங்க டாக்டரு, காலனிப் பொம்பளையைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு, கவுண்டமாரு வாசல்ல நின்னு, "என் தப்பால இந்தம்மா பட்டி காலியாப் போச்சு. நீங்க ஒரு குட்டி குடுத்தாத் திரும்பவும் எந்திரிச்சுரும்"ங்கறாரு. நாலு ஊரு. பதினெட்டு நாளு. காலையில ஆஸ்பத்திரி, மத்தியானத்துக்கு மேல இது. சில ஊட்டுல கதவைச் சாத்துனாங்க. சில ஊட்டுல மொகத்துக்கு நேராவே பேசுனாங்க. மறுநாளும் அதே வாசல்ல போய் நின்னாரு.

எங்க ஊட்டுக்கும் வந்தாருங்க. எனக்கு எப்படியிருக்கும்? நான் கொல்லைப்பக்கம் போயிட்டேன். ஆளில்லைன்னு சொல்லச் சொன்னேன். ரங்காத்தா என்ன பண்ணுனா தெரியுமுங்களா? எங்க பட்டியிலயே நல்ல குட்டி, காது நீளமா, கழுத்துல செவலை விழுந்த குட்டி, கல்யாணத்துக்கப்பறம் வசந்தாமணிக்குன்னு வெச்சிருந்தது, அதை அவுத்து மாராத்தா கையில குடுத்துட்டா. ஒரு வார்த்தை என்னைக் கேக்கலை. சண்டை போட்டேன். "இதையாவது குடுக்காட்டி நான் எப்படிங்க சோறு திங்கறது?"ன்னா. இருவது வருசம் ஆச்சு. இன்னைக்கும் அந்தப் பேச்சு வந்தா எங்களுக்குள்ள பேச்சுப் பழமை அத்தோட நின்னுபோகும்.

இருவத்தஞ்சு குட்டி சேந்துச்சு. வையாபுரிக் கவுண்டர் மட்டும் மூணு. ஊரே சேந்து ஒரு பட்டியை நெறச்சுருச்சுன்னு இப்பப் பெருமையாப் பேசறாங்க. அவரு வந்து நின்னதால குடுத்தாங்க, இல்லாட்டி எவன் குடுப்பான்? சரி, அது அவரு சாமர்த்தியம். அதை நான் இல்லைங்கலை.

ஆவணியில மாறுதல் உத்தரவு வந்துருச்சு. தண்டனை மாறுதல். ரோடு இல்லாத ஒரு மலையூரு. ஊர்க்காரங்க மனு எழுதறோம்னாங்க. வேண்டாம்னுட்டாரு. அங்கயும் ஆடு மாடு இருக்கும்லான்னாரு. போறதுக்கு முந்தின வாரம் வசந்தாமணி கல்யாணம். வந்தாரு. பந்தியில உக்காந்து சாப்பிட்டாரு. மாப்பிள்ளையைத் தட்டிக் குடுத்தாரு. கையில ஒரு மரக்கன்னு, ஊஞ்சக் கன்னு, ஈரோட்டுல ரெண்டு மாடி வீட்டுக்காரங்களுக்குச் சீதனமா! சம்பந்தி ஊட்டுக்காரங்க ஒருத்தரை ஒருத்தரு பாத்துச் சிரிச்சாங்க. எனக்கு எங்க போய் மூஞ்சியை வெச்சுக்கறதுன்னு தெரியலை.

ரெண்டு வருசம் கழிச்சு, ஒரு நாள் மாராத்தா வாசல்ல வந்து நிக்கறா. கையில ஒரு பெட்டைக் குட்டி. எல்லாருக்கும் திருப்பிக் குடுக்கறாளாம். டாக்டர் மலையில இருந்து கடுதாசி போட்டுச் சொல்லியிருக்காராம், ஈனுன மொதப் பெட்டைக் குட்டியை வாங்குன ஊட்டுக்கே குடுத்துரோணும்னு.

"மொதல்ல உங்க ஊட்டுக்குத்தானுங்க வந்திருக்கறேன்"னா.

"ஏன், எங்க ஊட்டுக்கு என்ன?"ன்னேன்.

"டாக்டரய்யா எழுதியிருந்தாருங்க. சென்னியப்பனுக்குத்தான் மத்தவங்களைவிட மனக்கஷ்டம் ஜாஸ்தி, அவருக்கு மொதல்ல குடுத்துருன்னு."

எனக்கு என்னங்க மனக்கஷ்டம்? எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. நான் நல்லாச் சாப்பிட்டேன், நல்லாத் தூங்குனேன். அவளைப் பாத்து, "நீயே வெச்சுக்க, எங்களுக்கு ஆடு வெக்க எடமில்லை"ன்னேன். அவ போகலை. குட்டியைக் கட்டுத்தறியில கட்டிட்டுப் போயிட்டா. இன்னைக்கு அவ பட்டியில எழுவது உருப்படி. ஞாயித்துக்கெழமை அவதான் படத்தைத் தொறக்கறாளாமே? தொறக்கட்டும். அவளுக்கு விசயம் தெரியுமா தெரியாதான்னு எனக்குத் தெரியாது. ரோட்டுல பாத்தா நல்லா இருக்கீங்களான்னு கேப்பா. அந்தக் கேள்வியே எனக்குப் புடிக்கறதில்லை.

டீ எடுத்துக்குங்க. ஆறிரும்.

போன தையில நான் பாளையங்கோட்டைக்குப் போனேனுங்க. அவரைப் பாக்கறதுக்குன்னு போகலை. அந்தப் பக்கம் ஒரு சோலி இருந்துச்சு. என்ன சோலின்னு இப்ப ஞாபகம் இல்லை. அவருக்குப் பக்கவாதம் வந்து படுத்திருக்காருன்னு வையாபுரிக் கவுண்டர் சொல்லியிருந்தாரு. மூணு பஸ்ஸு மாறிப் போனேன். சின்ன வீடு. அவரு சம்சாரம் கதவைத் தொறந்தாங்க. சென்னியப்பன்னு சொன்னதும், "நீங்களா? உங்களைப் பத்தி நெறையச் சொல்லியிருக்காவ"ன்னாங்க. என்ன சொல்லியிருக்காருன்னு கேட்டேன். "நீங்க இல்லைன்னா ஒம்பது வருசம் அங்க தாக்குப் பிடிச்சிருக்க முடியாதுன்னு சொல்லுவாவ"ன்னாங்க.

கட்டில்ல சன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாரு. பேச்சு இல்லை. ஆளும் பாதியா இருந்தாரு. ஆளு யாருன்னு தெரியுதா இல்லையான்னு சொல்ல முடியலைன்னு அந்தம்மா சொன்னாங்க, டீ போட உள்ள போயிட்டாங்க. நான் ஸ்டூல்ல உக்காந்தேன். சன்னலுக்கு வெளிய ஒரு கொய்யா மரம். கொய்யாவுல ஒரு அணில். அதையே பாத்துட்டுக் கெடக்காரு.

எனக்கு என்ன தோணுச்சோ, சொல்லிட்டேனுங்க. "சார், அந்தப் பெட்டியைத் தொறந்து மருந்தை வெளிய வெச்சது நாந்தானுங்க சார். ஒண்ணரை நாளு"ன்னேன். அசையலை. கேக்கலையாட்டிருக்குதுன்னு கொஞ்சம் சத்தமா ரெண்டாந்தரம் சொன்னேன். "அத்தனை ஆடும் என்னாலதானுங்க சார்."

அப்பக் கையை மெதுவாத் தூக்குனாரு. நல்லா இருக்கற எடது கையி. அப்படியே என் பக்கமா நீட்டி, இப்படி, இப்படிக் கீழ அமத்திக் காட்டுனாரு. சத்தம் போடாதேன்னு. கண்ணு அணில் மேல. நான் சத்தம் போட்டா அது ஓடிருமாம்!

பாத்தீங்களா? ஒரு மனுசன் மூணு பஸ்ஸு மாறி வந்து, அத்தனை வருசம் கழிச்சு, வாயைத் தொறந்து சொல்றான். அந்தாளுக்கு அணில் ஓடிரக் கூடாதாம். இந்த ஆளுக்குத்தான் நீங்க படம் தொறக்கறீங்க. இந்த ஆளைப் பத்தித்தான் நான் மைக்குல பேசோணுமாம்.

டீ வந்துச்சு. குடிச்சேன். பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு வந்துட்டேன். அந்தக் கை அப்படியே நீட்டுனபடிதான் இருந்துச்சு, நான் வாசலைத் தாண்டற வரைக்கும்.

எந்திரிக்காதீங்க, டாக்டரம்மா. ஒண்ணு கேக்கறேன். நீங்க ஆடு மாட்டுக்குத்தான் டாக்டரு, தெரியும். இருந்தாலும் படிச்சவங்க. அந்த மாதிரிப் பக்கவாதத்துல விழுந்தவங்களுக்குக் காது கேக்குமுங்களா?